பால் பண்ணைக்குப் போகாத வால்வுகள்

மங்கையர்க்கரசி என்ற பெயரை பூனாவின் போசரி தொழிற்பேட்டையில் ஒருவராலும் முழுதாகச் சொல்ல முடிந்ததில்லை. வேலையில் சேர்ந்த முதல் வாரம் கேட் வாட்ச்மேன் இரண்டு தடவை முயன்று பார்த்தார். பிறகு அவராகவே "மங்காதாயி" என்று ஒரு பெயர் வைத்துவிட்டார். மராத்தியில் தாயி என்றால் அக்கா. அவளுடைய அப்பா குடியாத்தத்திலிருந்து கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். எத்தனை வருஷம் பூனாவில் இருந்தும் அவர் காதில் அது தமிழ்த் தாயியாகவே விழுந்தது. "இருபத்திநாலு வயசுப் பொண்ணை இன்னாத்துக்குத் தாயின்றான்?" என்று சிரித்தார். பெயர் நிலைத்துவிட்டது.

அது 1988. கம்பெனி கேல்கர் என்பவருடையது. அறுபது பேர் வேலை செய்யும் வால்வு தயாரிக்கும் இடம். பால் பண்ணை, மருந்துத் தொழிற்சாலை, சாயப் பட்டறை என்று எங்கெல்லாம் குழாயில் ஏதாவது ஓடுகிறதோ அங்கெல்லாம் திறந்து மூட ஒரு வால்வு வேண்டும். அதைத்தான் அவர்கள் செய்தார்கள். மங்கை டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். நான்கு வருஷத்தில் வெளிநாட்டுக்குப் போகும் சரக்கின் காகிதங்கள் முழுவதும் அவள் மேஜைக்கு வந்து சேர்ந்தன. அவள் கேட்டு வாங்கியதில்லை. வருகிற ஆர்டரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கிற பொறுமை அந்த ஆபீசில் அவளுக்கு மட்டும்தான் இருந்தது. நைரோபியில் பால் பண்ணை வைத்திருப்பவர் என்ன கேட்பார், கொழும்பு மருந்துக் கம்பெனி என்ன கேட்கும் என்று அவளுக்கு மனப்பாடம். இஞ்சினியரிங் தெரியாது. ஆனால் யார் எதை விரும்பிக் கேட்பார்கள் என்பது தெரியும்.

கணவன் பாலச்சந்திரனும் வெடிமருந்துத் தொழிற்சாலையில்தான் வேலை. அங்கே தான் என்ன செய்கிறோம் என்று அவன் வீட்டில் சொன்னதே கிடையாது. சொல்லக்கூடாது என்று கையெழுத்துப் போட்டிருந்தான். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவள் கேட்டாள். "மெஷினாண்ட நிக்கிறேன், அவ்ளோதான்" என்றான். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. மகள் கோதை பிறந்தாள். மூவருமாக கிர்க்கி குவார்ட்டர்ஸில் நிம்மதியாக இருந்தார்கள்.

1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டு வெடித்துப் பார்த்த செய்தி வந்தது. மறுநாள் போசரியில் பாதிக் கம்பெனிகளின் வாசலில் பேடா கொடுத்தார்கள். கேல்கரும் ஒரு பெட்டி வாங்கிவந்து ஒவ்வொருவர் கையிலும் வைத்தார். மங்கையும் சந்தோஷமாகத்தான் வாங்கித் தின்றாள்.

இரண்டு மாதம் கழித்து அமெரிக்காவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கேல்கரின் உயர்ந்த ரக வால்வுகளுக்குள்ளே பெல்லோஸ் என்று ஒரு உறுப்பு உண்டு. மெல்லிய எஃகுத் தகட்டில் மடிப்பு மடிப்பாகச் செய்த குழல். ஆர்மோனியத் துருத்தி மாதிரி சுருங்கி விரியும், ஒரு சொட்டுக் கசியாது. அதை அவர்கள் ஒன்பது வருஷமாக ஓர் அமெரிக்கக் கம்பெனியிடம் வாங்கி வந்தார்கள். அந்தக் கம்பெனி இனி அனுப்ப முடியாது என்று எழுதியிருந்தது. இந்தியாவின் மேல் தடை. கூடவே ஒரு படிவம். இந்தப் பொருளை யார் உபயோகிக்கப் போகிறார்கள்? எந்த முகவரியில்? அணு ஆயுதம், ஏவுகணை சம்பந்தப்பட்ட எந்த நிலையத்துக்காவது நீங்கள் இதற்கு முன் எதையேனும் விற்றதுண்டா?

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஓர் அரசு ஆராய்ச்சிக்கூடத்துக்கு நான்கே நான்கு வால்வுகள் விற்றிருந்தார்கள். அந்தக் கோப்பை எடுத்துக்கொண்டு மங்கை கேல்கரின் அறைக்குப் போனாள்.

"இதை எழுதணுமா சார்?" என்று மராத்தியில் கேட்டாள்.

கேல்கர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வித்தோமா இல்லையா?"

"வித்தோம்."

"அப்ப எழுதும்மா. கேக்குறாங்க, சொல்றோம். நாம பாலுக்கு வால்வு பண்றவங்க. நமக்கென்ன பயம்?"

எழுதினாள். மொத்தம் பதினோரு கடிதங்கள் எழுதினாள். பால் பண்ணைகளின் பட்டியல், படங்கள், எல்லாம் வைத்தாள். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. மறுப்பு. அந்த நான்கு வால்வுகள்தான் காரணம் என்று அதில் இல்லை; ஆனால் எல்லோருக்கும் தெரிந்தது. கேல்கர் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடிதத்தை மடித்து மேஜை இழுப்பறையில் வைத்தார். அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே வீட்டுக்குப் போனார்.

பிறகு அவரே பெல்லோஸ் செய்ய ஆரம்பித்தார். ஒன்றரை வருஷம் பிடித்தது. முதலில் செய்தது முந்நூறு தடவை சுருங்கி விரிந்ததும் கிழிந்தது. அடுத்தது எண்ணூறு. பத்தாயிரம் தாண்டிய அன்றைக்கு மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு அறுபது பேரும் அந்தப் பரிசோதனை மெஷினைச் சுற்றி நின்றார்கள். மங்கையும் நின்றாள். 2001-இல் தடை நீங்கியபோது அமெரிக்கக் கம்பெனி மறுபடி வியாபாரம் செய்யலாமா என்று அன்பாக எழுதியது. கேல்கர் பதில் போடச் சொல்லவில்லை.

இந்தக் கதையெல்லாம் சூர்யநாராயணனுக்குத் தெரியாது. அவன் 2002-இல் விற்பனை மேனேஜராக வந்தவன். பூனாவின் வசதியான ஔந்துப் பகுதியில் ஃபிளாட், சொந்தக் கார், எம்.பி.ஏ. படிப்பு. சுறுசுறுப்பானவன், கெட்டவன் இல்லை. மங்கையோடு தமிழ் பேச வாய்த்ததில் அவனுக்கு சந்தோஷம். அவளுடைய ஆற்காட்டுத் தமிழைக் கேட்டு அவன் சிரிப்பான், அவனுடைய 'பாருங்கோ'வைக் கேட்டு அவள் சிரிப்பாள்.

மறு வருஷம் அவன் ஒரு பெரிய ஆர்டரைப் பிடித்து வந்தான். வளைகுடாத் துறைமுகம் ஒன்றிலிருந்து ஒரு வியாபாரி இருநூறு பெல்லோஸ் வால்வுகள் கேட்டிருந்தான். பால் பவுடர் தொழிற்சாலைக்காம். கம்பெனி அதுவரை கண்டதிலேயே பெரிய ஏற்றுமதி. மெஷின் ஷாப்பில் இரண்டு ஷிப்ட் போடப் பேச்சு நடந்தது.

மங்கை வழக்கம்போல முதல் வரியிலிருந்து படித்தாள். மூன்றாம் பக்கத்தில் நிறுத்தி, திரும்ப முதல் பக்கத்துக்குப் போனாள். பத்து வருஷத்தில் எத்தனையோ பால் பண்ணை ஆர்டர்களை அவள் பார்த்திருக்கிறாள். பால்காரர்கள் கேட்கும் முதல் கேள்வியே வால்வின் உட்புறம் கண்ணாடி போல வழவழப்பாக இருக்கிறதா என்பதுதான். சொரசொரப்பு இருந்தால் பால் தங்கும், புளிக்கும். அதற்குத் தனியாகச் சான்றிதழ் கேட்டு உயிரை எடுப்பார்கள். இந்த ஆர்டரில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதற்குப் பதிலாக உட்புறத்துக்கு நிக்கல் கலந்த வேறொரு உலோகப் பூச்சு கேட்டிருந்தது. ஹீலியம் வாயுவை உள்ளே செலுத்தி, மருந்துக் கம்பெனிகள்கூடக் கேட்காத அளவுக்குக் கசிவு பார்த்துத் தரச் சொல்லியிருந்தது.

அவள் கீழே இறங்கிப்போய், ஷாப்பில் தரப் பரிசோதனை பார்க்கும் ஜெபகுமாரிடம் காகிதத்தைக் காட்டினாள். அவரும் கிர்க்கிக்காரர்தான், பாளையங்கோட்டைப் பக்கத்துக் குடும்பம்.

"பால் பவுடருக்கு இது எதுக்குண்ணே?"

ஜெபகுமார் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இது பாலுக்கு இல்லம்மா. குழாய்ல ஓடறது கொஞ்சம்கூட வெளிய போகப்படாதுன்னு நெனைக்கிறவன் கேக்குறது. விஷ வாயு மாதிரி ஏதோ."

"அணுகுண்டு வேலைக்கும் ஆவுமா?"

"யுரேனியத்தையே வாயுவா ஆக்கித்தான் சுத்திகரிப்பாங்கன்னு படிச்சிருக்கேன். அங்கயும் இந்த மாதிரி வால்வுதான் வைப்பாங்களாம். ஆனா நான் கண்டேனா? எனக்குத் தெரியாது."

டில்லி அரசாங்கம் ஒரு பட்டியல் வைத்திருந்தது. அதில் இருக்கும் பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பத் தனி அனுமதி வேண்டும். அவர்களுடைய சாதாரண வால்வுகள் அதில் கிடையாது. இந்தப் பூச்சு பூசினால் உள்ளே வந்துவிடும் போல இருந்தது. மங்கை பட்டியலை இரண்டு தடவை படித்துவிட்டு, சூர்யநாராயணன் மேஜையில் போய் நின்றாள்.

"மேடம், நீங்க டாக்குமெண்ட் மட்டும் பாருங்கோ. டெக்னிக்கல் சமாசாரம் நான் பாத்துக்கறேன்" என்றான் அவன்.

"டாக்குமெண்ட்தான் சார் பாக்குறேன். சாமான் கடைசில யார்கிட்ட போவுதுன்னு ஒரு லெட்டர் வேணும். வாங்கிக் குடுத்துடுங்க."

அவன் வாங்கிக் கொடுத்தான். மூன்றே நாளில் பேக்ஸ் வந்தது. பால் பவுடர் கம்பெனியின் பெயர், பசுமாடு படம் போட்ட லெட்டர்ஹெட், கையெழுத்து, முத்திரை, தொலைபேசி எண் எல்லாம் இருந்தன. அவன் அதை அவள் முன் வைத்துவிட்டு, "இப்போ திருப்தியா?" என்றான்.

அவள் அந்த எண்ணைச் சுழற்றினாள். நான்கு தடவை மணி அடித்தபின் ஓர் ஆண் குரல் எடுத்தது. பின்னால் காற்று அடிக்கிற மோட்டார் சத்தம்.

அவள் இங்கிலீஷில் கேட்டாள், இந்தியில் கேட்டாள். அந்தக் குரல் இந்தியில் தடுமாறியது. மலையாளி என்று பிடிபட்டதும் அவள் தமிழுக்கு வந்தாள். "பால் பவுடர் கம்பெனிங்களா?"

"பால் பவுடரோ? அல்ல சேச்சி, இது டயர் கடையாணு."

"வேற நம்பர் மாறிப்போச்சா? உங்க நம்பர் இன்னா, சொல்லுங்க?"

அவன் சொன்னான். அதே எண்தான். "பக்கத்துல பால் பவுடர் பண்ற இடம் எதுனா இருக்குதா?"

"பால் வேணமெங்கில் எதிரே சாயாக்கட உண்டு. பவுடர் இல்ல." அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்துக்கொண்டே நன்றி சொல்லி வைத்தாள். வைத்ததும் அந்தப் பேக்ஸை ஆர்டரோடு சேர்த்துக் கேல்கரிடம் கொண்டுபோனாள்.

கேல்கர் அறையில் அன்று மாலை மூவரும் உட்கார்ந்தார்கள். சூர்யநாராயணன் முதலில் பேசினான். லெட்டரில் எண் தப்பாக அச்சாகியிருக்கலாம், வியாபாரி பழைய ஆள், நாம் வாக்குக் கொடுத்தாகிவிட்டது என்றான். அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. கேல்கர் இழுப்பறையைத் திறந்து அந்தப் பழைய மறுப்புக் கடிதத்தை எடுத்து மேஜைமேல் போட்டார்.

"மங்காதாயி, இது ஞாபகம் இருக்கா? பாலுக்குத்தான்னு பதினோரு லெட்டர் எழுதினோம். ஒரு பொய் இல்லை. ஒருத்தன் நம்பினானா? இன்னைக்கு வேற ஒருத்தன் பாலுக்குத்தான்னு எனக்கு எழுதறான். எனக்கு யார் கதவைச் சாத்தினானோ, அவனுக்காக நான் இவன் மூஞ்சில கதவைச் சாத்தணுமா? அணு ஆயுதம் பரவக் கூடாதுன்னு போட்டாங்களே, நம்ம நாடே அந்த ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடலை. நமக்கென்ன தலையெழுத்து?"

மங்கைக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அந்தக் கடிதம் வந்த மதியம் அவர் சாப்பிடாமல் போனது அவள் கண்ணில் நின்றது. ஒப்பந்தம், கையெழுத்து என்பதெல்லாம் அவள் பேசக்கூடிய விஷயம் இல்லை. தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள்.

"சார், அவங்க நம்மளை நம்பாதது தப்புதான். ஆனா நாம எழுதின அட்ரஸ்ல நாம இருந்தோம். அவங்க போன் பண்ணியிருந்தா நான்தான் எடுத்திருப்பேன். இங்க டயர் கடைக்காரன் எடுக்கிறான் சார்."

கேல்கர் அவளைப் பார்த்தார். சூர்யநாராயணன் ஜன்னலைப் பார்த்தான்.

"நாம அனுப்ப மாட்டோம்னு நான் சொல்லலே. டில்லிக்கு எழுதிக் கேப்போம். அனுப்புங்கன்னு சொன்னா நானே பேக்கிங் லிஸ்ட் போடறேன்."

"எழுது" என்றார் கேல்கர்.

டயர் கடையையும் விடாமல், எல்லாவற்றையும் இரண்டு பக்கத்தில் எழுதினாள். அனுமதி கேட்டிருக்கிறோம் என்று தெரிந்ததும் வியாபாரியின் பேக்ஸ்கள் நின்றுபோயின. டில்லியிலிருந்து பத்து வாரம் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது: அனுமதி மறுக்கப்படுகிறது. காரணம் எழுதவில்லை. அந்த வால்வுகள் எங்கே போகவிருந்தன என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அந்த மாதங்கள் சுலபமாக இல்லை. இரண்டு ஷிப்ட் வரும் என்று எதிர்பார்த்திருந்தவர்கள் கேன்டீனில் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். சூர்யநாராயணன் வேலை விஷயத்தைக்கூட சீட்டில் எழுதி அனுப்பினான். வீட்டில் ஒருநாள் அவள் ரொட்டி சுட்டுக்கொண்டே பாலச்சந்திரனிடம், "ஆபீஸ்ல ஒரு விசயம். வெளிய சொல்லக் கூடாது" என்றாள்.

"அப்ப சொல்லாத" என்றான் அவன். "மனசுக்கு சரின்னு பட்டுதா?"

"பட்டுது."

"வுடு. ரொட்டி கருவுது பாரு."

பதினைந்து வருஷம் அவன் எப்படி வாய் திறக்காமல் இருந்தான் என்று அன்றைக்கு அவளுக்குப் புரிந்தது. இருவரும் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல ஒரு நிறைவு வந்தது.

தீபாவளி கழிந்து ஒரு திங்கட்கிழமை சூர்யநாராயணன் ஒரு ஆர்டரைக் கையில் எடுத்துக்கொண்டு தானே அவள் மேஜைக்கு வந்தான். "மேடம், விலை கோட் பண்றதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை பாத்துடறேளா?" என்றான். மன்னிப்பு அவனும் கேட்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. அவள் பார்த்தாள். தான்சானியாவின் பால் பண்ணை. உட்புற வழவழப்பைப் பற்றி மட்டும் ஒன்றரைப் பக்கம். "இது அசல் பால் சார்" என்றாள். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

2005-இல் பேரழிவு ஆயுதங்களுக்கு உதவும் பொருட்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தப் பாராளுமன்றம் தனிச் சட்டமே கொண்டுவந்தது. மறுவருஷம் பூனாவின் தொழிலதிபர்களுக்கு அதை விளக்க ஒரு கூட்டம் நடந்தது. கேல்கர் தான் போகாமல் மங்கையை அனுப்பினார். "எனக்குப் போனா கோபம் வரும். நீ போய் நாலு வார்த்தை பேசிட்டு வா" என்றார். கோட்டுப் போட்ட நூறு பேருக்கு முன்னால் அவள் இங்கிலீஷும் இந்தியும் மராத்தியும் கலந்து பத்து நிமிஷம் பேசினாள். பேர் ஊர் ஒன்றும் சொல்லாமல், பால்காரன் என்ன கேட்பான், என்ன கேட்காமல் இருக்க மாட்டான் என்பதைத்தான் சொன்னாள். டயர் கடைக்கு வந்தபோது ஹாலே சிரித்தது.

டீ நேரத்தில் ஓர் அம்மாள் தட்டோடு அவளைத் தேடி வந்தார். டில்லி வெளியுறவுத் துறையில், ஆயுதக் குறைப்புப் பேச்சுவார்த்தைகளைப் பார்க்கும் பிரிவில் இருப்பவர். பெயர் விசாலாக்ஷி, மயிலாப்பூர்.

"நீங்க தமிழா? சொல்லவே இல்லையே" என்றார். ஓரமாக நின்று பேசினார்கள். மங்கை வெகுநாளாக மனசில் இருந்ததைக் கேட்டாள்.

"மேடம், எங்க முதலாளி ஒண்ணு கேப்பாரு. நாமளே கையெழுத்துப் போடலை, நமக்கு எதுக்கு இந்த வேலைன்னு. எனக்குப் பதில் சொல்லத் தெரியலே."

விசாலாக்ஷி சமோசாவைக் கீழே வைத்தார். "வியன்னாவுல ஒரு தடவை ஒரு ஐரோப்பியக்காரர் என்னை இதையே திருப்பிக் கேட்டார். கையெழுத்துப் போடாத உங்களை நாங்க எப்படி நம்பறதுன்னு. ஒப்பந்தம் ஏன் எங்களுக்கு ஒத்துவராதுன்னு நாங்க முப்பது வருஷமா சொல்லிண்டு இருக்கோம். அது ஒரு வாதம், அவா ஒரு வாதம். முடியவே முடியாது. ஆனா எங்க நாட்டுலேருந்து அணுகுண்டுச் சாமான் எதுவும் வெளியில போனதில்லைன்னு சொல்றச்சே மட்டும் அந்தப் பக்கம் பேனாவை எடுத்து எழுதிக்குவா. அதை நான் தைரியமா சொல்லணும்னா, இங்க யாராவது போனைப் போட்டுப் பாத்திருக்கணும் இல்லையா?"

மங்கை அவருடைய கோப்பையைத் தொட்டுப் பார்த்தாள். "டீ ஆறிடுச்சு மேடம், வேற எடுத்துட்டு வரட்டுமா?" என்றாள்.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது ஹாரிஸ் பாலத்தில் வண்டிகள் தேங்கி நின்றன. ஜன்னலோர சீட். கூட்டத்தில் கொடுத்த பையில் ஒரு பேனாவும் நோட்டும் இருந்தன. கோதைக்கு ஆகும் என்று நினைத்தாள். அந்த நெரிசலில் அரைமணி நேரம் நின்றும் அவளுக்கு அலுக்கவே இல்லை. மறுநாள் கேல்கரிடம் விசாலாக்ஷி சொன்னதைச் சொன்னபோது அவர், "அழகாத்தான் பேசறாங்க" என்று மட்டும் சொன்னார். ஆனால் அந்த வாரமே புதிதாக ஒரு விதி போட்டார். மங்காதாயியின் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டியும் கேட்டைத் தாண்டக்கூடாது.

2008 செப்டம்பர். கணபதி உற்சவம் நடந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை டிவியில் வியன்னாவைக் காட்டினார்கள். அணுசக்திப் பொருட்களை விற்கும் நாற்பத்தைந்து நாடுகள் கூடி, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாவிட்டாலும் இந்தியாவுக்கு விற்கலாம் என்று விதிவிலக்குக் கொடுத்திருந்தன. சில நாடுகள் கடைசிவரை இழுத்தன என்றும், இந்தியா அணு ஆயுத விஷயங்களை இதுவரை எங்கும் பரப்பியதில்லை என்ற நற்பெயர் அதற்கு உதவியது என்றும் செய்தி வாசித்தவர் சொன்னார். கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த கோதை ரிமோட்டை எடுத்தாள்.

"இரு, மாத்தாத" என்றாள் மங்கை.

"மம்மி, இது ஃபுல் போரிங். உனக்கு இன்னா இன்ட்ரஸ்ட் இதுல?"

"எங்க ஆபீஸ் வேலை கொஞ்சம் இதுல வருது."

கோதை அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். பாலச்சந்திரன் ரிமோட்டை வாங்கி டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினான். செய்தி முடிகிறவரை மூவரும் பார்த்தார்கள்.

பிறகு மழை விட்டிருந்ததால் ஆரத்திக்குக் கிளம்பினார்கள். கிர்க்கி பஜார் பந்தலில் தமிழ்க் குடும்பங்களும் மராத்திக் குடும்பங்களும் நெருக்கியடித்து நின்றன. மங்கை ஆரத்தித் தட்டில் கை காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். யாரோ அவள் கையில் ஒரு மோதகத்தை வைத்தார்கள். பாதியைப் பிட்டுக் கணவனிடம் கொடுத்துவிட்டு, மீதியைத் தின்றுகொண்டே கூட்டத்தில் கோதையைத் தேடினாள்.